இருநூற்று நாற்பது மீற்றர்

பத்துக்கு நாலு.
நுண்ணலையையும் செந்நிறக்கீழையும்
இடம் மாற்றி எழுதிவிட்டேனாம்.
சேர் போட்ட சிவப்பு வட்டத்துக்கு
எழுநூறு நனோமீற்றர் இருக்கும்.

புறக்கோட்டையில் நூறாம் நம்பர் பஸ்.
வலது பக்க ஜன்னல்.
பவதாரணி முதலெழுத்துகளைக் கோத்து
ஒரு வசனம் செய்து பாடமாக்கியிருக்கிறாள்.
எனக்கு வசனம் நிற்காது. வழி நிற்கும்.
ஆகவே மின்காந்தத் திருசியம் முழுவதையும்
காலி வீதியில் நீட்டிப் படுக்க வைத்தேன்.

கோட்டை தொடக்கம் கல்கிசை மட்டும்
பன்னிரண்டு கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால்
கோட்டையில் அலைநீளம் ஆயிரம் மீற்றர்.
எண்ணூறு மீற்றர் பஸ் ஓடினால்
அலை பத்தில் ஒன்றாகச் சுருங்கும்.
இன்னும் எண்ணூறு, இன்னும் பத்தில் ஒன்று.
வினாத்தாளின் பின்பக்கத்தில்
குலுங்கிக் குலுங்கிக் கணக்குப் போட்டேன்.

காலிமுகத்திடல் தாண்டும்வரை ரேடியோ.
றைவரின் தலைக்கு மேல் கிரிக்கெட் வர்ணனை,
யாரோ ஆட்டமிழந்தார்.
கொள்ளுப்பிட்டியில் நுண்ணலை ஏறியது:
நின்றவர் இருந்தவர் எல்லோரும்
கையிலிருந்த வெளிச்சத்துக்குக் குனிந்தார்கள்.
“இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட” என்று கண்டக்டர் தள்ளினார்.
வெற்றிடத்தில் எல்லா அலைக்கும் ஒரே வேகம்,
இரண்டு புள்ளி வினா.
இந்த பஸ்சில் வெற்றிடம்
ஒரு முழங்கை அகலத்துக்கும் இல்லை.

பம்பலப்பிட்டி.
ஒழுங்கைக்கு ஒழுங்கை கடல் எட்டிப் பார்த்தது.
பின்னேர வெயில் என் வலது கன்னத்தில்.
கண்ணை மூடினேன்.
வெளிச்சம் போனது, சூடு போகவில்லை.
ஓ, இதுதானா நீ?
உன்னைத்தானா நான் இடம் மாற்றி எழுதினேன்?

பிறகு கண்ணுக்குத் தெரியும் ஒளி.
எழுநூற்று அறுபதில் தொடங்கி
முந்நூற்று எண்பதில் முடிகிறது.
பாதியாகக் குறைகிறது, அவ்வளவுதான்.
என் வீதியில் அதன் நீளம்
இருநூற்று நாற்பது மீற்றர்.

மறுபடி கூட்டிப் பார்த்தேன். அதேதான்.
பன்னிரண்டு கிலோமீற்றரில்
வெள்ளவத்தையில் ஒரு ஹோல்ட்.
சிவப்பு, பச்சை, மார்க்கரின் மஞ்சள்,
இதுவரை நான் கண்ட எல்லா முகமும்
இந்த ஒரு ஹோல்ட்டுக்குள்தான் நிற்கின்றன.
மிச்ச வழியெல்லாம்
நான் ஜன்னலில் முகம் வைத்துக்கொண்டு
ஒன்றும் காணாமல் போயிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா தெரிந்தா.
புடவைக் கடை வாசலில்
ஒரு சேலையை உதறி வெயிலுக்குப் பிடித்தபடி.
ரியூப் லைட்டில் ஒரு நிறம்,
வெளியே வந்தால் இன்னொரு நிறம்;
வாங்க வந்தவ கண்ணைச் சுருக்கி
இரண்டில் எது உண்மை என்று யோசிக்கிறா.
அம்மா அவவின் முகத்தைப் பார்த்து நிற்கிறா.
சேலை கிளிப்பச்சையா, மாம்பிஞ்சுப் பச்சையா
என்று தீர்மானிப்பதற்குள்
பஸ் எடுபட்டுவிட்டது.

இறங்க வேண்டியது அங்கேதான்.

தெஹிவளையில் குதித்தேன்.
இன்னும் கொஞ்சம் போயிருந்தால்
களுபோவில ஆஸ்பத்திரி, எக்ஸ் கதிர்.
போன வருசம் அப்பாவின் மணிக்கட்டை எடுத்த படம்
இன்னும் அலுமாரிக்கு மேல் கிடக்கிறது.
எலும்பில் தலைமயிர் போல ஒரு வெடிப்பு;
அதைப் பார்ப்பதற்கும்
ஜன்னல் வெளிச்சத்தில்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

போன் நடுங்கியது.
“எங்க நிக்கிறாய்?”
“கழியூதாவில.”
“அது எந்த ஒழுங்கை?”

வந்து சொல்கிறேன் என்று
பையைத் தோளில் ஏற்றி
அலைநீளம் கூடுகிற பக்கமாகத் திரும்பி நடந்தேன்.
பாலம் கடந்ததும் முதலில் ஊதா வர வேண்டும்.
வந்தது ஒரு பேக்கரி.
கண்ணாடிக்குள் மீன் பணிஸ்,
மேலே ஒரு மஞ்சள் பல்ப்.
கையை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டேன்.
சூடாக இருந்தது.